கோடையில் தளிர்க்கும் மரம்

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர் ஊர்க் கண்மாயில் சீமைக் கருவேலம் அகற்றும் வேலை நடந்திருக்கிறது. கரையோரம் நின்ற இளமரம் ஒன்றையும் எந்திரம் அதோடு சேர்த்துப் பெயர்த்துப் போட்டுவிட்டது. கிடந்த கிளையை எடுத்துப் பார்த்த கோயில் பூசாரி, "ஏப்பா, இது வன்னியில்ல!" என்று பதறிப் போனாராம். சுற்றி நின்றவர்களில் படித்த ஒருவர், "ரெண்டும் ஒரே சாதி மரம்தான், போனால் போகட்டும்" என்று சொல்லியிருக்கிறார். வாசகர் கேட்கிறார்: வன்னியும் சீமைக் கருவேலமும் சொந்தம்தானா? அப்படியானால் வன்னியும் தண்ணீரைக் குடித்துத் தீர்க்குமா? கோயிலுக்கு வெளியே, காட்டிலும் வயலிலும் அதை வளர்ப்பதால் பயன் உண்டா?

கடைசிக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. விருத்தாசலம் கோயிலின் தலமரம் வன்னி. பாண்டவர்கள் ஆயுதங்களை ஒளித்து வைத்தது, விஜயதசமியன்று சுவாமி அம்பு போடுவது, பிள்ளையாருக்கு வன்னி இலை சாத்துவது எல்லாம் நமக்குத் தெரிந்தவை. அந்த மரம் என்ன வேலை செய்யும் என்று மட்டும் நாம் மறந்துவிட்டோம். மறக்காதவர்களைப் பார்க்க வேண்டுமானால் தார் பாலைவனத்துக்குப் போக வேண்டும்.

ராஜஸ்தானில் வன்னிக்குப் பெயர் கேஜ்ரி. அந்த மாநிலத்தின் மரம் அது. பஞ்சாபில் ஜண்ட், சிந்துவில் கண்டி, அரபு நாடுகளில் காஃப். ஐக்கிய அரபு அமீரகம் 2019ஆம் ஆண்டைச் சகிப்புத்தன்மை ஆண்டாகக் கொண்டாடியபோது சின்னமாக எடுத்துக்கொண்டது இந்த மரத்தைத்தான். பஹ்ரைனில் சுற்றிலும் வெறும் மணல் கிடக்க, நடுவில் ஒற்றையாய்ப் பல நூற்றாண்டு நிற்கும் 'உயிர் மரமும்' வன்னியே.

தார் பாலைவனத்தை மனித வாடையில்லாத மணற்கடல் என்று நினைத்துவிடக் கூடாது. உலகின் பாலைவனங்களில் மிக நெருக்கமாக மக்கள் வாழும் பாலைவனங்களில் அது ஒன்று. மேற்கே ஜெய்சல்மேர்ப் பக்கம் ஆண்டுக்கு 100 முதல் 200 மில்லிமீட்டர் மழை, ஜோத்பூரில் அதைவிடக் கூடுதல். அந்த மழையில் கம்பும் நரிப்பயறும் கொத்தவரையும் விதைத்து, ஆடும் மாடும் ஒட்டகமும் வளர்த்து, தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் நிலைத்திருக்கிறார்கள். அவர்களுடைய வயல்களில் வரப்பில் மட்டுமல்லாமல் உழவு நடக்கும் நடு நிலத்திலேயே கேஜ்ரி மரங்கள் நிற்கும். ஏர் அவற்றைச் சுற்றிக்கொண்டு போகும். விதை போட்டு நட்ட மரங்கள் இல்லை, தானாக முளைத்தவை. முளைத்த கன்றை உழவன் கண்டு, ஏரை ஒதுக்கி ஓட்டியதால் மரமானவை.

இந்த மரத்தில் என் மனத்தை விட்டுப் போகாத ஒரு விசித்திரம் உண்டு. அது தளிர்க்கும் காலம்.

பாலைவனச் செடிகள் வறட்சிக்குப் பதில் சொல்லும் வழக்கமான முறை ஒடுங்கிக்கொள்வது. தாரிலேயே கேர் என்ற புதர் இருக்கிறது. ஏறக்குறைய ஆண்டு முழுக்க இலையே இல்லாமல் பச்சைத் தண்டை வைத்துக் காலம் தள்ளும். போக் என்ற மணற்புதரும் இலையைக் கழித்துவிட்டுக் குச்சியாய் நிற்கும். சேவண் புல் காய்ந்து கட்டையாகி, வேரில் உயிரை வைத்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். கேஜ்ரி இதற்கு நேர்மாறு. மாசி பங்குனியில் வெயில் ஏறத் தொடங்கும்போது பழைய இலையை உதிர்த்துவிட்டுப் புதுத்தளிர் விடும். தளிரோடு தளிராக மஞ்சள் பூங்கதிர்கள் வரும். அவற்றை ஜோத்பூர் வட்டாரமான மார்வாரில் மீஞ்ஜர் என்பார்கள். சித்திரை வைகாசியில் காய் தொங்கும். ராஜஸ்தானின் பலோதி ஊரில் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. நாட்டிலேயே உச்சம் என்று பேசப்பட்ட அந்த வெயிலிலும் கேஜ்ரிகள் பச்சை இலையோடு நின்றிருக்கும், அதுதான் அவற்றின் பருவம்.

நான் ஜோத்பூரிலிருந்து நாகௌர் போகும் சாலையில் அந்தப் பருவத்தில் சென்றிருக்கிறேன். தரை முழுக்க வெளிறிய மணல், காய்ந்த தட்டை. அதன் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக வட்ட வட்டமாய் நிழல். ஒவ்வொரு நிழலிலும் ஓர் ஆடோ மாடோ மனிதனோ இருந்ததைப் பார்த்தேன். மற்ற மரங்கள் கைவிடும் மாதங்களில் இந்த மரம் இலை வைத்திருப்பது எத்தனை உயிர்களுக்குப் பிழைப்பு என்பதை எந்தப் புத்தகமும் எனக்கு அப்படிச் சொல்லித் தந்ததில்லை.

எப்படி முடிகிறது? முதல் காரணம் வேர். கேஜ்ரியின் ஆணிவேர் 30 மீட்டருக்கும் கீழே இறங்கக்கூடியது. மேல்மண் சூளை மாதிரிக் காய்ந்தாலும் ஆழத்து ஈரம் மரத்துக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. இரண்டாவது இலை. சிற்றிலைகள் மிகச் சிறியவை. பெரிய இலை வெயிலில் சூடேறிக் கருகும். சின்ன இலையின் சூட்டைக் காற்று உடனே எடுத்துக்கொண்டு போய்விடும்.

ஏன் கோடையில் என்ற கேள்விக்கு விடை விதையில் இருக்கிறது. பங்குனியில் பூத்தால் ஆனி ஆடியில் காய் முற்றும். தென்மேற்குப் பருவமழை தாரை எட்டிப் பார்ப்பதும் அப்போதுதான். விதை ஈரத்தைக் கண்ட உடனே வேரை இறக்கிவிட வேண்டும். அங்கே மழைக்காலம் அவ்வளவு குறுகியது. எங்கள் தாத்தா முதுகுளத்தூர்ப் பக்கம் புழுதி விதைப்பு செய்தவர். வானத்தில் ஒரு மேகமும் இல்லாதபோதே காய்ந்த மண்ணில் நெல்லைத் தூவி உழுது மூடிவிடுவார். மழை வந்த பிறகு விதைத்தால் விதைப்பு பிந்திவிடும் என்பது அவர் கணக்கு. கேஜ்ரியின் கணக்கும் அதே கணக்குதான்.

இந்தக் காலமாற்றத்தால் மனிதருக்கு வாய்த்த லாபம் பெரிது. கம்பு வளர்வது மழைக்காலத்தில், மேல்மண் ஈரத்தில். மரம் அதிகமாகக் குடிப்பது கோடையில், ஆழத்து நீரை. காலமும் வேறு, ஆழமும் வேறு. ஒரே நிலத்தில் நின்றாலும் இரண்டுக்கும் சண்டை குறைவு. மேலும் இது அவரை இனத்து மரம். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குக் கொண்டுவருகின்றன. உதிர்ந்த இலை மக்குகிறது. நிழலுக்கு ஒதுங்கும் ஆடுமாடு எரு போடுகிறது. ஜோத்பூரில் 1959 முதல் அந்தப் பெயரில் இயங்கும் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம் இதைப் பல காலம் அளந்து பார்த்திருக்கிறது. கேஜ்ரிக்கு அடியில் உள்ள மண்ணில் மக்கும் சத்தும் திறந்த வெளியைவிடக் கூடுதல். மரத்தடிப் பயிர் சோடை போகும் என்று நாம் பழகியிருக்கிறோம். மார்வார் உழவனைக் கேட்டால் கேஜ்ரி அடியில்தான் கம்பு நன்றாக வரும் என்று சொல்வான்.

இளங்காயின் பெயர் சாங்கரி. பிஞ்சாக இருக்கும்போதே பறித்து, வேகவைத்து, மாடியில் வெயிலில் உலர்த்திக் கொள்வார்கள். முள்மரத்தில் ஏறியோ நீளத் தொரட்டி வைத்தோ பறிக்கும் வேலை லேசானதல்ல, கை முழுக்கக் கீறல் விழும். உலர்ந்த சாங்கரி ஆண்டுக்கணக்கில் கெடாது. சமைக்கும் முன் ஊற வைத்து, கேர் புதரின் காய்களோடு கடுகெண்ணெயில் வதக்கி, மிளகாய் தூக்கலாய்ப் போட்டுச் செய்வது கேர் சாங்கரி. குமட் மர விதை, குந்தா என்கிற நறுவிலிக் காய் முதலியவற்றையும் சேர்த்துச் செய்தால் அது பஞ்சகூடா. காய்கறித் தோட்டம் போடத் தண்ணீரில்லாத ஊரில் காட்டு மரங்களும் புதர்களும் கொடுத்த காய்கறி இவை. இன்று சாங்கரி கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டி விற்கிறது. நகரத்து ஓட்டல்களில் பெருமைக்குரிய பண்டமாகிவிட்டது. பறித்தவர் கைக்கு அதில் எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதையும் வாங்குகிறவர்கள் ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம்.

பறிக்காமல் விட்ட காய் மரத்திலேயே பழுத்துக் காய்ந்து இனிக்கும். அதற்குப் பெயர் கோகா. பிள்ளைகள் தின்னும். சின்காரா மான்களும் வெளிமான்களும் வெள்ளாடுகளும் தின்று விதையைத் தூரக் கொண்டுபோய்ப் போடும். பஞ்ச காலத்தில் இந்த மரம் இன்னொன்றும் கொடுத்தது. ராஜபுதனத்தை 1868–69இல் பஞ்சம் உலுக்கியபோது ஜனங்கள் கேஜ்ரிப் பட்டையை உரித்து, இடித்து மாவாக்கி, கிடைத்த தானியத்தோடு கலந்து ரொட்டி சுட்டுத் தின்று உயிர் தப்பினார்கள்.

இலைக்கு லூங் என்று பெயர். குளிர்காலத்தில் கிளைகளைக் கழித்து, உலர்த்தி, இலையை உதிர்த்துச் சேமிப்பார்கள். இந்தக் கழிப்புக்குச் சங்காயி என்று பெயர். பெரிய மரம் ஒன்று ஆண்டுக்கு 20 முதல் 60 கிலோ வரை தழை தரும், எவ்வளவு கழிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. மிச்சக் கிளை அடுப்புக்கு. முள்ளுக்கிளை வேலிக்கு. குளிர்காலத்தில் கழித்த மரம் கோடைக்குள் மறுபடி தழைத்துவிடும். இங்கே ஒரு சங்கடமும் உண்டு. ஆண்டுதோறும் மொட்டையடிக்கும் மரம் பூப்பதில்லை, காய்ப்பதில்லை. தழை வேண்டுமா, சாங்கரி வேண்டுமா என்று உழவன் தீர்மானிக்க வேண்டும். வயலில் சில மரங்களைக் கழித்து, சில மரங்களைக் காய்க்க விட்டு, அடுத்த ஆண்டு மாற்றி எடுத்துக்கொண்டது பழைய வழக்கம். ஒரு மரத்திடம் எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் கேட்கக் கூடாது என்ற ஒழுங்கு அதில் இருந்தது.

கேஜ்ரி என்றதும் எல்லோரும் சொல்லும் வரலாறு கேஜர்லி. ஜோத்பூருக்குத் தென்கிழக்கே உள்ள ஊர். 1730இல் மகாராஜா அபய் சிங்கின் அரண்மனைக் கட்டுமானத்துக்குச் சுண்ணாம்புக் காளவாய் எரிக்க விறகு தேவைப்பட்டது. வெட்ட வந்த ஆட்களின் முன்னால் அம்ருதா தேவி என்ற பிஷ்னோய் சமூகப் பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளும் மூன்று மகள்களும் வெட்டுண்டார்கள். செய்தி பரவி ஊர் ஊராக வந்து மரத்தைத் தழுவி உயிர் விட்டவர்கள் எல்லாம் சேர்ந்து 363 பேர் என்பது அந்தச் சமூகம் காத்துவரும் கணக்கு. அதன் பிறகு பிஷ்னோய் ஊர்களில் பச்சை மரம் வெட்டுவதையும் வேட்டையையும் அரசன் தடை செய்தான்.

நமக்கு அந்த ஒரு நாள் மட்டுமே தெரிகிறது. அதற்கு முந்தைய இரண்டரை நூற்றாண்டுப் பழக்கத்தை யாரும் பேசுவதில்லை. ஜாம்போஜி 1485இல் 29 நெறிகளை வகுத்துப் பிஷ்னோய் வழியைத் தொடங்கினார். பச்சை மரத்தை வெட்டாதே என்பது அவற்றில் ஒன்று. விறகு மிச்சமாகட்டும் என்று இறந்தவரை எரிக்காமல் புதைக்கும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. அன்றாட வாழ்க்கையில் மரத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்தவர்களால்தான் அந்த நாளில் அப்படி நிற்க முடிந்தது.

இப்போது சீமைக் கருவேலத்துக்கு வருகிறேன். அது மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்காவின் வடபகுதி வரை பரவிய மரம். 1870களில் இந்தியாவுக்கு வந்தது. விறகுப் பஞ்சம் தீரவும் மணல் நகராமல் இருக்கவும் அரசுகளே விரும்பிப் பரப்பின. ஜோத்பூர் சமஸ்தானம் 1940இல் அதை அரச மரியாதைக்குரிய மரமாக அறிவித்தது. கேஜ்ரியின் சொந்த ஊரிலேயே இது நடந்தது. வேகமாக வளரும், வெட்ட வெட்டத் துளிர்க்கும், ஆடு இலையைத் தொடாது, ஆனால் காயைத் தின்று விதையை ஊரெல்லாம் விதைக்கும். அதன் அடியில் மற்றச் செடிகள் முளைப்பது குறைவு. ராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அது சோறு போட்டதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் நாட்டு மரமும் புல்லும் நின்ற இடத்தை அது விழுங்கியது உண்மை.

வாசகர் கேட்ட சொந்தம் பற்றி. லின்னேயஸ் 1767இல் புரோசோபிஸ் என்ற பேரினத்தை வகுத்தது வன்னியை வைத்துத்தான். பிற்காலத்தில் சீமைக் கருவேலத்தையும் அதே பேரினத்தில் சேர்த்தார்கள். 2022இல் மரபணுச் சான்றுகளைக் கொண்டு அந்தப் பேரினத்தைப் பிரித்துவிட்டார்கள். வன்னி பழைய பெயரிலேயே நிற்கிறது. சீமைக் கருவேலம் நெல்டுமா என்ற வேறு பேரினத்துக்குப் போய்விட்டது. தூரத்து உறவு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அடையாளம் காண்பது கடினமில்லை. சீமைக் கருவேலத்தின் முள் நீளமானது, இலை கிளம்பும் கணுவில் பெரும்பாலும் ஜோடியாக இருக்கும். வன்னியின் முள் குட்டையானது, அடி பருத்துக் கூம்பாய், கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டில் சிதறிக் கிடக்கும். வன்னியின் காய் மெலிந்து உருண்டு, விதை இருக்கும் இடமெல்லாம் புடைத்துத் தொங்கும். மற்றதன் காய் தட்டையாக, மஞ்சளாக, தடித்திருக்கும். வன்னிப் பட்டை சாம்பல் நிறம், வெடிப்பு வெடிப்பாக இருக்கும். எந்திரத்தை ஓட்டுபவருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு காலைப் பொழுது போதும். அந்தக் காலைப் பொழுதைச் செலவிடாமல் ஒரு கண்மாயில் இறங்குவது பொறுப்பில்லாத வேலை. வேலம், உடை, உகாய், வன்னி எல்லாம் ஒரே பச்சையாய்த் தெரிகிற கண்ணோடு நாட்டு மரங்களைக் காப்பாற்ற முடியாது.

தாரிலும் கேஜ்ரிக்கு இது நல்ல காலம் இல்லை. மாட்டு ஏர் கன்றைச் சுற்றிப் போனது. டிராக்டர் கன்றைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போகிறது, பெரிய மரங்களின் பக்கவேர்களையும் வெட்டுகிறது. வெட்டுப்பட்ட வேரில் பூஞ்சை ஏறுகிறது. வேர்துளைக்கும் வண்டின் புழு உள்ளே புகுகிறது. நாகௌர், சீகர், சுரு, ஜுன்ஜுனு மாவட்டங்களில் நின்றவாக்கிலேயே பட்டுப்போகும் மரங்களை ஆய்வாளர்கள் கணக்கெடுத்துக் கவலை தெரிவித்திருக்கிறார்கள். ஆழ்துளைக் கிணறுகளால் நீர்மட்டம் இறங்கிப்போனது இன்னொரு காரணம். ஓய்வே கொடுக்காமல் ஆண்டுதோறும் கழிப்பது மற்றொன்று. இவற்றோடு, பிக்கானேர், பலோதிப் பகுதிகளில் சூரிய மின்நிலையங்களுக்காகக் கேஜ்ரிகளை வெட்டுவதை எதிர்த்து பிஷ்னோய்கள் உள்ளிட்ட ஊர்மக்கள் போராடி வருகிறார்கள். சூரிய மின்சாரம் நாட்டுக்கு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மரம் நிற்கும் நிலத்தைத் தரிசு என்று காகிதத்தில் எழுதிவிட்டு வேலையைத் தொடங்குவது அநியாயம். ஓரண் எனப்படும் கோயில்காடுகளும் மேய்ச்சல் நிலங்களும் அப்படித்தான் தரிசாகக் கணக்கில் ஏறின. சேவண் புல்வெளி தரிசு என்றால் அதில் முட்டையிடும் கானமயிலுக்கு எந்த இடம்?

நல்ல முயற்சிகளும் நடக்கின்றன. பிக்கானேரிலுள்ள மத்திய வறண்ட நிலத் தோட்டக்கலை நிறுவனம், முள் மிகக் குறைந்த கேஜ்ரியைத் தேர்ந்தெடுத்து, மொட்டு ஒட்டுக் கட்டி 'தார் சோபா' என்ற ரகத்தை வெளியிட்டிருக்கிறது. குட்டையாக, சில ஆண்டுகளிலேயே காய்க்கிறது. பறிக்கிறவர் கை கிழியாது. சாங்கரிக்காகத் தோப்பு வைப்பவர்களுக்கு அது வரம். நடு வயலில் தானாக முளைக்கும் கன்றுக்கு வழிவிடும் பழக்கமும் திரும்பினால்தான் மரம் முழுதாகப் பிழைக்கும்.

வாசகருக்கு: ஐயா, வன்னி தண்ணீரைத் தீர்க்கும் மரம் அல்ல. மெதுவாக வளர்ந்து, ஆழத்திலிருந்து எடுத்து, மேலே நிழலும் தழையும் கொடுக்கும். மானாவாரி நிலத்துக்கு மிகப் பொருத்தம். நம் வறண்ட மாவட்டங்களில் அங்கங்கே இயல்பாகவும் நிற்கிறது. உங்கள் கோயில் மரத்தில் முற்றிய காய் உதிரும்போது பொறுக்கி விதை எடுங்கள். துளைவிழுந்த விதைகளைக் கழித்துவிட்டு, ஒரு நாள் தண்ணீரில் ஊற வைத்துப் போடுங்கள். சின்னப் பையில் போட வேண்டாம். மேலே ஒரு சாண் வளர்வதற்குள் கீழே ஆணிவேர் பல மடங்கு இறங்கிவிடும், பையின் அடியில் சுருண்ட வேர் பிறகு நிமிராது. நீளமான பை கிடைக்காவிட்டால் ஐப்பசியில் மழை பிடித்ததும் வரப்போரத்தில் நேராகவே விதைக்கலாம். ஆடு எட்டாத உயரம் வரும்வரை முள்வேலி கட்டாயம். உழவு ஓட்டுகிறவருக்குத் தெரியும்படி பக்கத்தில் ஒரு கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள். பத்து ஆண்டு கழித்து, மார்கழி தையில் கிளை கழிக்கத் தொடங்கலாம். கொண்டையை விட்டுவிட்டு, கீழ்ப்பகுதியை மட்டும், ஓர் ஆண்டு விட்டு ஓர் ஆண்டு.